பி.டி. உஷா: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தெருவில் ஒரு பெண் கொஞ்சம் வேகமாக ஓடினால் போதும், "மனசுல பெரிய பி.டி. உஷான்னு நினைப்பு" என்று யாராவது சொல்லிவிடுவார்கள். அந்த அளவுக்குப் பெயர் நிலைத்துவிட்டது. ஆனால் அவர் எங்கே ஓடினார், எதில் ஜெயித்தார் என்று கேட்டால், "ஒலிம்பிக்ல மயிரிழையில மெடல் போச்சே, அவங்கதானே?" என்பதோடு பேச்சு நின்றுவிடும். அதற்கு மேலும் தெரிந்துகொள்ள விரும்புகிறவர்களுக்காக, வழக்கமாக வரும் கேள்விகளும் பதில்களும் இங்கே.

உஷா எந்த ஊர்? எப்போது பிறந்தார்?

கேரளத்தின் கோழிக்கோடு மாவட்டம். பிறந்தது 1964 ஜூன் 27, கூத்தாளி என்ற கிராமத்தில். வளர்ந்தது பக்கத்தில் உள்ள கடலோர ஊரான பய்யோலியில். "பய்யோலி எக்ஸ்பிரஸ்" என்ற பட்டம் அதனால்தான். தமிழ்ப் பத்திரிகைகளுக்கு அவர் "தங்க மங்கை". வசதியான குடும்பம் இல்லை. சிறு வயதில் அடிக்கடி உடம்புக்கு முடியாமல் போகும் பிள்ளையாகவும் இருந்தார்.

ஓட்டத்துக்கு எப்படி வந்தார்?

நாலாம் வகுப்பில், தன்னைவிடப் பெரிய பள்ளிச் சாம்பியனோடு ஓடவிட்டார்கள், உஷா ஜெயித்துவிட்டார் என்பது ஊரில் சொல்லப்படும் கதை. அதெல்லாம் ஒருபுறம் இருக்கட்டும், உண்மையான திருப்பம் 1976ல் வந்தது. பெண்களுக்கென்று கேரள அரசு கண்ணூரில் ஒரு விளையாட்டுப் பள்ளியைத் தொடங்கியது. அதற்குத் தேர்வான சுமார் 40 பெண்களில் 12 வயது உஷாவும் ஒருவர். மாதம் 250 ரூபாய் உதவித்தொகை. சாப்பாடு, தங்கும் இடம், ஓடுவதற்கு ஒரு மைதானம், பார்த்துக்கொள்ள ஒரு கோச் என எல்லாம் ஒரே இடத்தில் கிடைத்தன.

உஷாவின் கதையைச் சொல்பவர்கள் "இயற்கைத் திறமை" என்று ஆரம்பித்து நேராக 1984 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்குக்குத் தாவிவிடுகிறார்கள். அந்த விடுதி இல்லாவிட்டால் திறமை பய்யோலியிலேயே நின்றிருக்கும். ஷைனி வில்சன், வல்சம்மா என அந்தத் தலைமுறையில் கேரளத்திலிருந்து வரிசையாகப் பெண்கள் வந்ததற்கு, விளையாட்டு விடுதிகளுக்கு அரசு செலவழித்த பணம் ஒரு பெரிய காரணம்.

நம்பியார் யார்?

ஓ.எம். நம்பியார். விமானப்படையில் இருந்தவர், அங்கே தடகள வீரராகவும் இருந்தார். பாட்டியாலாவில் உள்ள தேசிய விளையாட்டு நிறுவனத்தில் கோச்சுக்குப் படித்துவிட்டு, கண்ணூர் பள்ளிக்கு வந்தார். ஒரு பரிசளிப்பு விழாவில் உஷாவைப் பார்த்தபோது, ஒல்லியான உடம்பும் விறுவிறுவென்ற நடையும்தான் கண்ணில் பட்டன என்று பிற்பாடு சொல்லியிருக்கிறார். ஓட்டத்தைப் பார்த்து அல்ல, நடையைப் பார்த்தே தேர்ந்தெடுத்திருக்கிறார் மனிதர்.

1985ல் கோச்சுகளுக்கான துரோணாச்சார்யா விருது முதன்முதலாகக் கொடுக்கப்பட்டபோது அதைப் பெற்றவர்களில் நம்பியாரும் ஒருவர். பத்மஸ்ரீ மட்டும் 2021 வரை காத்திருக்க வைத்தது. சீடருக்கு அது 1985லேயே கிடைத்துவிட்டது! 2021 ஆகஸ்ட் 19ல் நம்பியார் காலமானார். டோக்கியோவில் நீரஜ் சோப்ரா ஈட்டி எறிதலில் தங்கம் வாங்கி அப்போது இரண்டு வாரம்கூட ஆகவில்லை.

கடற்கரையில் பயிற்சி எடுத்தார் என்கிறார்களே, உண்மையா?

உண்மைதான். இன்று மாவட்டத் தலைநகரங்களில்கூட சிந்தெட்டிக் ட்ராக் வந்துவிட்டது. எழுபதுகளின் கடைசியில் அது பெருநகரங்களிலேயே அபூர்வம். வீட்டுக்குப் பக்கத்தில் இருந்தது பய்யோலிக் கடற்கரை. நம்பியார் ஸ்டாப் வாட்சோடு நிற்க, உஷா அலை வந்து திரும்பும் ஈர மணலில் ஓடுவார். மணலில் கால் புதையும். ஒவ்வோர் அடிக்கும் காலைப் பிடுங்கி எடுக்க வேண்டும். கணுக்காலுக்கும் கெண்டைக்காலுக்கும் அதைவிடக் கடினமான பயிற்சி இல்லை. அதே பெண் ஸ்பைக்ஸ் (அடியில் ஆணி வைத்த ஷூ) மாட்டிக்கொண்டு கெட்டியான தரையில் இறங்கும்போது கால் தானாகத் துள்ளும்.

இதை ஏழ்மையின் அடையாளமாக மட்டும் பார்க்க வேண்டியதில்லை. மணலில் ஓடவிடுவது உலகம் முழுக்க கோச்சுகள் செய்வதுதான். குறை என்னவென்றால், மணல் பலத்தைக் கொடுக்கும், தாளத்தைக் கொடுக்காது. தடை ஓட்டத்துக்குத் தாளம்தான் உயிர்.

முதல் ஒலிம்பிக் எது?

1980 மாஸ்கோ. வயது 16. 100 மீட்டர் தகுதிச் சுற்றில் 12.27 நொடியில் ஐந்தாவதாக வந்தார், அத்தோடு வெளியே. அந்த வயதில் அங்கே போய் நின்றதே பெரிய விஷயம் என்று விட்டுவிடலாம்.

இரண்டு வருடம் கழித்து, 1982 டெல்லி ஆசிய விளையாட்டில் 100, 200 இரண்டிலும் வெள்ளி. கலர் டிவி வீடுகளுக்குள் நுழைந்த வருடம் அது. ஊர் உலகம் உஷாவை முகம் பார்த்துத் தெரிந்துகொண்டது அப்போதுதான்.

100, 200 ஓடியவர் ஏன் தடை ஓட்டத்துக்குப் போனார்?

கணக்குப் போட்டுத்தான் போனார், அல்லது நம்பியார் போட்ட கணக்கு. 100 மீட்டரில் உலகத் தரத்துக்கும் ஆசியத் தரத்துக்கும் நடுவே இருந்த இடைவெளி மிகப் பெரிது. ஆசியாவில் வெள்ளி வாங்கியவர் ஒலிம்பிக் இறுதிச் சுற்றை நினைத்துப் பார்க்க முடியாது. பெண்களுக்கான 400 மீட்டர் தடை ஓட்டமோ 1984ல்தான் முதன்முறையாக ஒலிம்பிக்கில் சேர்க்கப்பட்டது. புதுப் போட்டி, அதில் பல வருடம் ஊறியவர்கள் என்று உலகத்தில் அதிகம் பேர் கிடையாது. நல்ல வேகமும் 400 மீட்டர் தாங்கும் மூச்சும் இருக்கிற ஒருத்தி தடை தாண்டக் கற்றுக்கொண்டால் உள்ளே நுழைந்துவிடலாம்.

1983ல் குவைத் ஆசிய சாம்பியன்ஷிப்பில் 400 மீட்டரில் தங்கம் வாங்கியபோதே மூச்சு இருக்கிறது என்பது தெரிந்துவிட்டது. அடுத்த வருடம் மும்பையில் நடந்த மாநிலங்களுக்கிடையேயான போட்டியில், டெல்லி ஆசிய விளையாட்டின் தடை ஓட்டத் தங்கமான எம்.டி. வல்சம்மாவையே தோற்கடித்தார். டெல்லியில் வல்சம்மா தங்கம் வாங்கிய நேரம் 58.47 நொடி. லாஸ் ஏஞ்சலஸில் உஷா ஓடியது 55.42. இரண்டே வருடத்தில் இந்தியப் பெண்ணின் நேரம் மூன்று நொடிக்கு மேல் இறங்கியது. 400 மீட்டரில் மூன்று நொடி என்றால் சும்மா இல்லை.

லாஸ் ஏஞ்சலஸில் சரியாக என்ன நடந்தது?

1984 ஆகஸ்ட் 8. நமக்கு அது மறுநாள் விடியற்காலை. அரையிறுதியில் உஷா 55.54 நொடியில் முதலாவதாக வந்திருந்தார். அமெரிக்காவின் ஜூடி பிரவுன் அவருக்குப் பின்னால். தடகளத்தில் ஒலிம்பிக் இறுதிச் சுற்றுக்கு வந்த முதல் இந்தியப் பெண் உஷாதான். அதுவும் கடைசி இடத்தில் தொற்றிக்கொண்டு வந்தவர் அல்ல, பதக்கம் வாங்குவார் என்று எதிர்பார்த்த ஆள்.

இறுதிச் சுற்றில் முதல் முறை துப்பாக்கி வெடித்தபோது உஷா நன்றாகக் கிளம்பினார். ஆனால் ஆஸ்திரேலியாவின் டெபி ஃபிளின்டாஃப் முன்கூட்டியே கிளம்பிவிட்டதால் அது ஃபால்ஸ் ஸ்டார்ட். எல்லோரையும் திரும்பக் கூப்பிட்டார்கள். இரண்டாம் முறை உஷாவின் தொடக்கம் அவ்வளவு கூர்மையாக இல்லை.

முன்னால் போனவர் மொராக்கோவின் நவால் எல் மூத்தவக்கில்; 54.61 நொடியில் தங்கம். ஜூடி பிரவுன் 55.20ல் வெள்ளி. கடைசித் தடையைத் தாண்டியபின் உஷாவும் ருமேனியாவின் கிறிஸ்டியானா கொஜோக்காருவும் ஒன்றாகக் கோட்டை நோக்கி வந்தார்கள். கண்ணால் பார்த்து யார் முன்னே என்று சொல்ல முடியாது. கோட்டில் எடுக்கும் படம், அதாவது போட்டோ பினிஷ், சொன்னது: கொஜோக்காரு 55.41, உஷா 55.42.

நவாலைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற முதல் அரபுப் பெண் அவர். மொராக்கோவுக்கே அதுதான் முதல் ஒலிம்பிக் தங்கம். அன்று பிறந்த பெண் குழந்தைகளுக்கு நவால் என்று பெயர் வைக்கச் சொல்லி மன்னர் அறிவித்தார். பிற்காலத்தில் நாட்டின் விளையாட்டு அமைச்சராகவும், சர்வதேச ஒலிம்பிக் கமிட்டியின் துணைத் தலைவராகவும் ஆனார். உஷாவின் தோல்வியைப் பேசிப் பேசி நாம் அந்தப் பெண்ணின் வெற்றியை மறந்துவிடுகிறோம்.

நூறில் ஒரு பங்கு நொடி என்றால் எவ்வளவு தூரம்?

400 மீட்டரை 55.42 நொடியில் ஓடினால், சராசரியாக நொடிக்கு 7.2 மீட்டர். அதில் நூறில் ஒரு பங்கு 7.2 சென்டிமீட்டர், ஏறக்குறைய ஓர் உள்ளங்கை அகலம். கடைசியில் களைப்பில் வேகம் குறைந்திருக்கும், அதனால் உண்மையில் அதையும்விடக் கம்மி.

கோட்டைக் கடந்ததைத் தலையையோ கையையோ காலையோ வைத்துக் கணக்கிட மாட்டார்கள், நெஞ்சுப் பகுதியை வைத்துத்தான். ஓட்டக்காரர்கள் கடைசி அடியில் நெஞ்சை முன்னால் தள்ளிச் சாய்வது இதற்காகவே. அன்று அந்தச் சாய்வைச் சரியாகச் செய்யவில்லை என்று உஷாவே பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்.

அப்படியானால் சாய்ந்திருந்தால் பதக்கம் கிடைத்திருக்குமா?

கிடைத்திருக்கலாம். ஆனால் அதை மட்டும் பிடித்துக்கொண்டு நாற்பது வருடமாக அவரைக் கேள்வி கேட்பது கொஞ்சம் அநியாயம்.

தடை ஓட்டத்தின் அமைப்பைப் பாருங்கள். பத்துத் தடைகள், ஒவ்வொன்றும் 76.2 செ.மீ உயரம். தொடக்கத்திலிருந்து முதல் தடைக்கு 45 மீட்டர், பிறகு தடைக்குத் தடை 35 மீட்டர், கடைசித் தடையிலிருந்து கோட்டுக்கு 40 மீட்டர். ஒவ்வோர் இடைவெளியிலும் எத்தனை அடி வைப்பது, எந்தக் காலில் தாண்டுவது என்பதெல்லாம் உடம்பில் பதிந்திருக்க வேண்டும். ஒரு தடைக்கு முன்னால் அரை அடி தடுமாறி, குட்டி அடியாக ஒன்று கூடுதலாக வைத்தால் பத்தில் ஒரு பங்கு நொடி போய்விடும், அதாவது அவர் இழந்ததைப்போல் பத்து மடங்கு. நவாலும் ஜூடி பிரவுனும் இந்தப் போட்டியிலேயே ஊறியவர்கள். உஷா இதற்குப் புதுசு. எனக்கு ஆச்சரியம் தருவது அவர் நாலாவது வந்தது அல்ல. இவ்வளவு கொஞ்ச அனுபவத்தில் நாலாவது வரை வந்தது.

சாப்பாட்டுப் பிரச்சினை என்று ஒன்று சொல்வார்களே?

ஆமாம். ஒலிம்பிக் கிராமத்தில் கிடைத்த அமெரிக்கச் சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல், அரிசிக் கஞ்சியும் கடுமாங்காய் ஊறுகாயும் சாப்பிட்டே சமாளித்ததாக உஷா பின்னாளில் சொன்னார். ஊட்டம் போதாததால் கடைசி 35 மீட்டரில் தெம்பு இல்லாமல் போனது என்பது அவர் கருத்து. இன்று இந்திய அணியோடு உணவியல் நிபுணர், பிசியோ, மனநல ஆலோசகர் என்று ஒரு கூட்டமே போகிறது. அன்று அப்படி யாரும் இல்லை. கஞ்சி குடித்து ஒலிம்பிக் இறுதிச் சுற்று ஓடியதைப் பெருமையாகச் சொல்கிறவர்கள் உண்டு. கஞ்சி கிடைத்ததைப் பெருமையாகச் சொல்லலாம். அதைத் தவிர வேறு எதுவும் கிடைக்காததில் பெருமைப்பட என்ன இருக்கிறது?

சோவியத் நாடுகள் புறக்கணித்ததால்தான் நாலாவது வந்தாரா?

இந்தக் கேள்வி கசப்பானதுதான், ஆனால் நியாயமானது. 1984ல் சோவியத் ஒன்றியமும் கிழக்கு ஜெர்மனியும் வரவில்லை. கிழக்கு ஐரோப்பிய அணியில் ருமேனியா மட்டும் முரண்டு பிடித்து வந்தது. அந்த ஜூன் மாதம்தான் சோவியத்தின் மார்கரீட்டா பொனமார்யோவா 53.58 நொடியில் உலக சாதனை படைத்திருந்தார். அவர்கள் வந்திருந்தால் வரிசை மாறியிருக்கும்தான்.

ஆனால் வராதவர்களோடு யாரும் ஓட முடியாது. 55.42 என்ற நேரம் எந்தக் கூட்டத்தில் ஓடினாலும் 55.42தான். எந்த இடம் என்பதைவிட அந்த நேரம்தான் அவர் சாதனை. அது எவ்வளவு காலம் நின்றது என்பது கீழே வருகிறது.

உஷாவின் சிறந்த போட்டி எது?

என்னைக் கேட்டால் லாஸ் ஏஞ்சலஸ் இல்லை. 1985 ஜகார்த்தா ஆசிய தடகள சாம்பியன்ஷிப்.

100 மீட்டர், 200 மீட்டர், 400 மீட்டர், 400 மீட்டர் தடை ஓட்டம், 4x400 தொடர் ஓட்டம் என ஐந்து தங்கம். 4x100 தொடர் ஓட்டத்தில் ஒரு வெண்கலமும். ஒரே ஆசிய சாம்பியன்ஷிப்பில் அதற்கு முன் யாரும் இத்தனை தங்கம் வாங்கியதில்லை.

இதன் கனம் புரிய வேண்டுமானால், இந்த ஓட்டங்கள் ஒன்றுக்கொன்று எவ்வளவு வித்தியாசமானவை என்று யோசிக்க வேண்டும். 100 மீட்டர் என்பது வெடித்துக் கிளம்புவது. பதினொரு நொடியில் முடிந்துவிடும், முதல் மூன்று அடியில் தப்பு செய்தால் திருத்த நேரம் கிடையாது. 400 மீட்டரில் கடைசி நூறு மீட்டரில் தொடையில் கல்லைக் கட்டியதுபோல் ஆகும். அந்த வலியோடு ஓடத் தெரிய வேண்டும். தடை ஓட்டத்தில் அதே வலியோடு எகிறிக் குதிக்கவும் வேண்டும். உலகத்தில் 100, 200 இரண்டையும் ஓடுபவர்கள் உண்டு, 200, 400 ஓடுபவர்கள் உண்டு, 400ம் தடை ஓட்டமும் ஓடுபவர்களும் உண்டு. நூறு மீட்டரில் தொடங்கித் தடை ஓட்டம் வரை நாலிலும் ஒரே போட்டியில் ஒரு கண்டத்தையே ஜெயித்தவர்களை விரல்விட்டு எண்ணலாம். அதுவும் தகுதிச் சுற்று, இறுதிச் சுற்று என்று திரும்பத் திரும்ப ட்ராக்கில் இறங்கி, சில நாட்களுக்குள்.

இந்த ஜகார்த்தா நம் பேச்சில் வருவதே இல்லை. கிடைக்காத ஒரு வெண்கலம் கிடைத்த ஐந்து தங்கத்தை மறைத்துவிட்டது.

1986 சியோலில் என்ன செய்தார்?

ஆசிய விளையாட்டு. 200, 400, 400 தடை, 4x400 தொடர் ஓட்டம் என நாலு தங்கம், 100 மீட்டரில் ஒரு வெள்ளி. அந்தப் போட்டியில் இந்தியா முழுவதுமாக வாங்கிய தங்கம் ஐந்து. மிச்சம் ஒன்று மல்யுத்தத்தில் கர்தார் சிங் வாங்கியது. அதாவது உஷாவின் ஓட்டங்களைக் கழித்துவிட்டால், அவ்வளவு பெரிய நாட்டின் கணக்கில் ஒரே ஒரு தங்கம்.

ஆசிய விளையாட்டும் ஆசிய சாம்பியன்ஷிப்பும் வேறு வேறா?

வேறு வேறு. ஆசிய விளையாட்டு நாலு வருடத்துக்கு ஒரு முறை, எல்லா விளையாட்டும் சேர்ந்தது. ஆசிய தடகள சாம்பியன்ஷிப் தடகளத்துக்கு மட்டும், பொதுவாக இரண்டு வருடத்துக்கு ஒரு முறை. உஷாவின் பதக்க எண்ணிக்கையில் ஆளுக்கொரு கணக்கு சொல்வதற்கு இந்தக் குழப்பம்தான் காரணம். ஆசிய விளையாட்டில் அவருக்கு 4 தங்கம், 7 வெள்ளி. ஆசிய சாம்பியன்ஷிப்பில் 14 தங்கம், 6 வெள்ளி, 3 வெண்கலம். வினாடி வினாவுக்குப் போகிற பிள்ளைகள் இரண்டையும் தனித்தனியாக மனதில் வைத்துக்கொள்வது நல்லது.

அவருக்குச் சரியான போட்டி யார்?

பிலிப்பைன்ஸின் லிடியா டி வேகா. இருவரும் 1964ல் பிறந்தவர்கள். டெல்லி 1982ல் 100 மீட்டரில் லிடியா தங்கம், உஷா வெள்ளி. ஜகார்த்தாவில் உஷா திருப்பிக் கொடுத்தார். சியோல் 1986ல் 100 மீட்டர் மறுபடி லிடியாவுக்கு. 200 மீட்டரில் உஷா தங்கம், லிடியா வெள்ளி. 1987 சிங்கப்பூரில் 100, 200 இரண்டும் லிடியாவுக்குப் போய்விட்டன, உஷா 400லும் தடை ஓட்டத்திலும் தங்கம் வாங்கினார். இருவரும் எதிரெதிரே நின்ற அந்த ஐந்தாறு வருடங்கள்போல் ஆசியப் பெண்கள் ஸ்பிரின்ட் அதற்குப் பிறகு எனக்கு ருசித்ததில்லை. லிடியா 2022 ஆகஸ்டில் புற்றுநோயால் காலமானார்.

1988 ஒலிம்பிக்கில் என்ன ஆயிற்று?

குதிகாலில் காயம். தடை ஓட்டத் தகுதிச் சுற்றில் ஏழாவதாக வந்து வெளியேறினார். நாலு வருடம் தேசமே காத்திருந்த ஓட்டம் ஒரு நிமிடத்தில் முடிந்தது. விமர்சனம் கடுமையாக வந்தது. காயத்தைப் பற்றிப் பேசியவர்கள் குறைவு. அதற்கு 1989 டெல்லி ஆசிய சாம்பியன்ஷிப்பில் பதில் சொன்னார்: 4 தங்கம், 2 வெள்ளி.

கல்யாணத்துக்குப் பிறகும் ஓடினாரா?

1990 பெய்ஜிங் ஆசிய விளையாட்டில் மூன்று வெள்ளி வாங்கிவிட்டு விலகினார். 1991ல் வி. சீனிவாசனோடு திருமணம். மகன் பிறந்தபின் திரும்ப வந்தார். அந்தக் காலத்தில் குழந்தை பெற்ற இந்தியப் பெண் திரும்ப ஸ்டார்ட்டிங் பிளாக்கில் கால் வைப்பது பலருக்கு வேடிக்கையாக இருந்தது. 1994 ஹிரோஷிமாவில் 4x400 வெள்ளி. அப்புறம் 1998 ஃபுகுவோகா ஆசிய சாம்பியன்ஷிப். அப்போது வயது 34. 200, 400 இரண்டிலும் வெண்கலம், 4x100 தொடர் ஓட்டத்தில் தங்கம், 4x400ல் வெள்ளி. 2000ல் முழுமையாக ஓய்வு பெற்றார்.

மில்கா சிங்கா, உஷாவா? யார் பெரியவர்?

இந்தப் பட்டிமன்றத்துக்கு முடிவே கிடையாது. மில்கா சிங் 1960 ரோமில் 400 மீட்டரில் நாலாவது. உஷா 1984ல் நாலாவது. இருவருக்கும் ஒரே விதி என்பதால் ஒப்பிடுகிறார்கள். காமன்வெல்த் விளையாட்டுத் தங்கம் (1958 கார்டிஃப்) மில்காவிடம் இருக்கிறது, உஷாவிடம் இல்லை. எத்தனை வகை ஓட்டம், எத்தனை வருடம், எத்தனை பதக்கம் என்று பார்த்தால் உஷாவுக்குப் பக்கத்தில் யாரும் வர முடியாது. என் ஓட்டு உஷாவுக்கு.

என்னென்ன விருதுகள்?

அர்ஜுனா விருது, 1985ல் பத்மஸ்ரீ. வேலை பார்த்தது தெற்கு ரயில்வேயில்.

பயிற்சிப் பள்ளி நடத்துகிறாரா?

ஆமாம். 2002ல் கொயிலாண்டியில் உஷா தடகளப் பள்ளியைத் தொடங்கினார். பிறகு கோழிக்கோடு மாவட்டத்திலேயே கினாலூரில், அரசு கொடுத்த நிலத்தில் அது வளர்ந்தது. சிறுமிகளைத் தேர்வு வைத்து எடுத்து, விடுதியில் தங்கவைத்து, படிப்பும் பயிற்சியும் சேர்த்துக் கொடுக்கிறார்கள். கண்ணூரில் 1976ல் அவருக்குக் கிடைத்த ஏற்பாடு அப்படியே இங்கே இருப்பதைக் கவனிக்கலாம்.

அங்கிருந்து வந்தவர்களில் பெயர் பெற்றவர் டின்டு லூக்கா. 800 மீட்டரில் 2010ல் 1 நிமிடம் 59.17 நொடி ஓடி, ஷைனி வில்சனின் தேசிய சாதனையை முறியடித்தார். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் அரையிறுதி வரை போனார். 2014 இஞ்சியோன் ஆசிய விளையாட்டில் வெள்ளி, 2015 ஆசிய சாம்பியன்ஷிப்பில் தங்கம். அடுத்து ஜிஸ்னா மேத்யூ, 400 மீட்டர். ஒலிம்பிக் பதக்கம் இன்னும் இந்தப் பள்ளியிலிருந்து வரவில்லை என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

மாநிலங்களவைக்கு எப்படிப் போனார்? ஒலிம்பிக் சங்கத் தலைவர் ஆனது எப்போது?

இரண்டும் 2022ல். ஜூலையில் நியமன உறுப்பினராக மாநிலங்களவைக்கு. அதே அறிவிப்பில் இளையராஜாவின் பெயரும் இருந்தது. டிசம்பரில் இந்திய ஒலிம்பிக் சங்கத்தின் தலைவரானார், அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண்.

பதவி மலர்ப்படுக்கையாக இல்லை. 2023 ஏப்ரலில் மல்யுத்த வீராங்கனைகள் டெல்லி ஜந்தர் மந்தரில் பாலியல் துன்புறுத்தல் புகாரோடு தர்ணா இருந்தபோது, தெருவுக்கு வந்தது ஒழுங்கல்ல, நாட்டின் பெயருக்கும் நல்லதல்ல என்ற பொருளில் பேசி, பலத்த எதிர்ப்பைச் சம்பாதித்தார். மே மாதம் நேரில் போய் அவர்களைச் சந்தித்தார். உஷாவை நேசிக்கிறவர்களுக்கே அந்தப் பேச்சு உறுத்தியது, எனக்கும்தான்.

55.42 சாதனை இன்னும் நிற்கிறதா?

39 வருடம் அதை ஒருவரும் தொடவில்லை. 2023 அக்டோபர் 2ல் ஹாங்சோ ஆசிய விளையாட்டின் தகுதிச் சுற்றில் கோயம்புத்தூர்ப் பெண் வித்யா ராம்ராஜ் ஓடி முடித்தார். பலகையில் வந்த நேரம் 55.42. நூறில் ஒரு பங்குகூடக் கூடவில்லை, குறையவில்லை. இறுதிச் சுற்றில் 55.68 நொடியில் வெண்கலம் வாங்கினார். வித்யாவின் இரட்டைச் சகோதரி நித்யாவும் தடை ஓட்டக்காரர்தான், 100 மீட்டரில்; அவரும் அதே ஹாங்சோவில் ஓடினார்.

39 வருடம் என்பது உஷாவுக்குப் பெருமை, மற்றவர்களுக்கு அல்ல. இடைப்பட்ட காலத்தில் ட்ராக் மாறியது, ஷூ மாறியது, பயிற்சி முறை மாறியது, வெளிநாட்டுக் கோச்சுகள் வந்தார்கள். 400 மீட்டரில் உஷாவின் காலத்து நேரங்களை பின்னால் வந்தவர்கள் நன்றாகவே தாண்டிப் போனார்கள். ஹிமா தாஸ் 2018ல் 50.79 ஓடினார். தடை ஓட்டம் மட்டும் அப்படியே கிடந்தது. வேகம் உள்ள பெண்களைத் தடைப் பக்கம் யாரும் திருப்பவில்லை என்றுதான் இதைப் படிக்க முடிகிறது.

தொடர் ஓட்டத்தில் அவரோடு ஓடியவர்கள் யார்?

வல்சம்மா, வந்தனா ராவ், ஷைனி ஆபிரகாம். லாஸ் ஏஞ்சலஸில் தனி ஓட்டம் முடிந்த கையோடு இந்த நால்வரும் 4x400ல் இறுதிச் சுற்றுக்குப் போய், 3 நிமிடம் 32.49 நொடியில் ஏழாவதாக வந்தார்கள். அப்போது அது ஆசிய சாதனை. நூறில் ஒரு பங்கு நொடியின் சத்தத்தில் இது யார் காதிலும் விழவில்லை.

இரண்டு வருடம் கழித்து சியோலில் உஷாவும் ஷைனியும் இருந்த அணி 4x400ல் தங்கம் வாங்கியது. ஷைனிக்கு அது பெரிய ஆறுதல். அதற்கு முன் 800 மீட்டரில் முன்னணியில் ஓடியும், பாதை மாறி உள்ளே வந்துவிட்டார் என்று தகுதி நீக்கம் செய்துவிட்டார்கள். ஷைனிதான் பிற்பாடு ஷைனி வில்சன். 1992 பார்சிலோனா ஒலிம்பிக் தொடக்க விழாவில் இந்தியக் கொடியை ஏந்திப் போன முதல் பெண். வேலை பார்த்தது இந்திய உணவுக் கழகத்தில், சென்னையில்.